கருவியின் மேல் போட்ட பழி

பிள்ளை கையில் புத்தகம் இருந்தால் போதும், சுத்தியலும் வாளும் எதற்கு என்று கேட்கிற பெற்றோரே நம்மிடையே அதிகம். பினாங்கின் தென்கோடியில் நிபோங் திபாலை ஒட்டிய பைராம் தோட்டம் போன்ற இடங்களிலிருந்து கிளம்பி வந்த குடும்பங்களில் இந்தக் கேள்வியின் அழுத்தம் இன்னும் கூடுதல். மூன்று நான்கு தலைமுறை கையால் உழைத்து ஓய்ந்தாயிற்று, இனிமேலாவது பிள்ளைகள் படித்துப் பிழைக்கட்டும். உடைந்த நாற்காலியைச் சரிசெய்ய ஆள் கிடைக்கும், புதிது வாங்கக் கடை இருக்கிறது. சனிக்கிழமை காலையில் பலகை அறுத்துக்கொண்டிருப்பதைவிட ஒரு கணித டியூஷனுக்கு அனுப்பினால் எஸ்பிஎம் தேர்வில் ஒரு ‘ஏ’ கூடும். இப்படிப் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பட்ட துன்பத்திலிருந்து பிறந்த பேச்சு இது. ஆனால் அந்தத் துன்பத்துக்குக் காரணம் தேடும்போது நாம் இடம் மாற்றிப் பழி போட்டுவிட்டோம். தோட்டத்து முதலாளி முறை செய்ததையெல்லாம் கையில் பிடித்திருந்த கருவி செய்ததாக எழுதிக்கொண்டோம். அதன் விளைவாக, வீட்டில் தச்சுவேலை கற்றுத்தருவது பிள்ளையைப் பின்னுக்கு இழுக்கும் காரியம் என்ற முடிவு கேள்வியின்றி நிலைத்துவிட்டது. அந்த முடிவு தவறு என்பதே என் வாதம்.

நிபோங் திபால் இருக்கும் தென் செபராங் பிறையின் கதையை முதலில் நேராகப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ராம்ஸ்டன் என்ற ஆங்கிலேயக் குடும்பத்தின் கையிலிருந்த கரும்புத் தோட்டங்களின் வரிசையில் கலிடோனியா, விக்டோரியா, பைராம் எல்லாம் வந்தன. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் அங்கே இறக்கப்பட்டார்கள். 1910இல் மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது; கரும்பு போய் ரப்பர் வந்தது; ஆள் பிடிக்கும் வேலை கங்காணிகளிடம் போனது. பிறகு பல தோட்டங்களில் ரப்பரும் போய்ச் செம்பனை வந்தது. இத்தனை மாற்றத்திலும் மாறாதவை சில உண்டு. என்ன பயிரிடுவது என்று தொழிலாளியைக் கேட்டதில்லை. நாள் கூலியை அவன் நிர்ணயித்ததில்லை. குடியிருந்த லயம் அவனுடையதில்லை. வேலை போனால் வீடும் போயிற்று. தோட்டம் கைமாறியபோதும் துண்டாடப்பட்டபோதும் அவன் வெறுங்கையோடு வெளியேறினான். நம் பாட்டன்மாரை வறுமையில் வைத்தவை நிலம் இல்லாமை, பேரம் பேசும் பலம் இல்லாமை, செய்த வேலையின் மேல் உரிமை இல்லாமை ஆகிய மூன்றும்தான். கத்தி பிடித்ததால் யாரும் ஏழையாகவில்லை. பிடித்த கத்தியால் விளைந்ததெல்லாம் வேறொருவன் கணக்கில் ஏறியதால் ஏழையானார்கள்.

அந்தக் கத்தி வேலை எப்படிப்பட்டது என்பதையும் நாம் மறந்துவருகிறோம். பால்மரம் வெட்டுவது முரட்டு வேலை என்று படித்த பேரப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். மரப்பட்டையின் உட்பகுதியில், பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள வளர்படலத்தை ஒட்டித்தான் பால்குழாய்கள் நெருங்கி இருக்கும். வெட்டு ஆழமாகப் போகாவிட்டால் பால் குறையும். வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் காயம் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, அந்தப் பட்டையில் மறுபடி ஒழுங்காக வெட்டவே முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்ட வேண்டும். பால்குழாய்கள் நேர்க்குத்தாக இல்லாமல் சற்று வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒவ்வொரு தடவையும் மெல்லிய சீவல் மட்டுமே எடுக்க வேண்டும், பட்டை பல ஆண்டுக்கு வர வேண்டுமே. இதை விடியுமுன் தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு 400, 500 மரங்களில் செய்தார்கள். ஆண்களுக்குச் சமமாகப் பெண்களும் செய்தார்கள். கூர்க்கருவியை மில்லிமீட்டர் கணக்கில் ஆளத் தெரிந்த ஒரு சமூகத்துக்கு ‘திறனற்ற தொழிலாளர்’ என்று பெயர் வைத்தது தோட்டத்துச் சம்பளப் பட்டியல். அந்தப் பட்டியலின் மொழியை நாமும் ஏற்றுக்கொண்டு, கைவேலை என்றாலே அறிவில்லாத வேலை என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

இன்னொரு இழப்பும் இதோடு சேர்ந்தது. ரப்பர் மரம் 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்ததும் வெட்டப்படும். நெடுங்காலம் அது விறகுதான். ரப்பர் ஷீட்டை உலர்த்தும் புகைக்கூண்டில் எரிந்தது, செங்கல் சூளையில் எரிந்தது, லயத்து அடுப்பில் எரிந்தது. மாவுச்சத்து அதிகம் என்பதால் வெட்டிய சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும், வண்டு துளைத்துப் பொடியாக்கும். வெட்டிய கையோடு போரான் உப்பை அழுத்தி ஏற்றி, சூளையில் உலர்த்தினால் இந்தக் குறை நீங்கும் என்று தெரிந்தபின் கதை மாறியது. வெளிர்நிறம், நெருக்கமான இழை, பசையும் சாயமும் நன்றாகப் பிடிக்கும் குணம் எல்லாம் சேர்ந்து, 1980களிலிருந்து மலேசியத் தளவாட ஏற்றுமதியின் முதுகெலும்பானது அந்த மரம். ஜொகூரின் மூவார் நகரம் அதை வைத்தே தளவாடத் தொழிலின் மையமாக வளர்ந்தது. அந்த மரத்தைக் கன்றிலிருந்து வளர்த்து, பட்டையின் ஒவ்வொரு அங்குலத்தையும் அறிந்திருந்த நம்மவர்கள் அதன் பலகையை மட்டும் அறியவில்லை. மரத்தை வேலைப்பொருளாகப் பார்க்கும் பழக்கம் வீட்டில் இருந்திருந்தால் எல்லோரும் தொழிற்சாலை வைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். மூலதனம் வேண்டும், கடன் வேண்டும், தொடர்பு வேண்டும். ஆனால் வாசல்வரை வந்த ஒரு தொழிலை அடையாளம் காணும் கண்ணாவது இருந்திருக்கும். இதற்கு மாறாக, ஜார்ஜ் டவுனில் சீனத் தச்சர்கள் தங்கள் தொழிலின் ஆதி ஆசானான லூ பானுக்கு லவ் லேனில் கோயில் எழுப்பி, அதையே சங்கமாகவும் வைத்துக்கொண்டார்கள். 2008இல் அந்நகரம் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறியபின், பழைய கடைவீடுகளின் உத்தரத்தையும் சன்னலையும் முறைப்படி சீர்செய்யத் தெரிந்த கைகளுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. தச்சுவேலை ஒரு சமூகத்தைத் தாழ்த்தும் என்ற நம்பிக்கைக்கு மாற்றுச் சான்று நாம் அன்றாடம் நடக்கும் தெருவிலேயே நிற்கிறது.

தமிழர்களிடம் இதைப் பேசும்போது எழும் மறுப்புகளில் மிக வலுவானது குலக்கல்வியின் நினைவு. 1953இல் சென்னை மாநில முதலமைச்சர் ராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளின் பாட நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அம்பலப்படுத்திப் போராடினார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் போராட்டம் முழுக்கச் சரியானது. அது எதை எதிர்த்தது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். பள்ளி நேரத்தைப் பறித்ததை எதிர்த்தது; கிராமத்துப் பிள்ளைக்கு ஒரு நீதி, நகரத்துப் பிள்ளைக்கு ஒரு நீதி என்றதை எதிர்த்தது; அப்பன் தொழிலே மகன் தொழில் என்று பிறப்பால் பூட்டியதை எதிர்த்தது. உளியையும் இழைப்புளியையும் அது எதிர்க்கவில்லை. அப்பன் கணக்கராகவோ தொழிற்சாலை மேற்பார்வையாளராகவோ இருக்கிற வீட்டில், படிப்பு நேரம் போக மிச்ச நேரத்தில், மகனும் மகளும் மரவேலை கற்பது குலக்கல்விக்கு நேரெதிர். தச்சு ஒரு சாதியின் சொத்து என்ற பூட்டை அது உடைக்கிறது. கைவேலை கீழானது, அதைச் செய்ய வேறு பிறப்புக்காரர்கள் இருக்கிறார்கள் என்ற எண்ணம் சாதி முறை பெற்றெடுத்தது. சாதியை எதிர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அந்த மதிப்பீட்டை மட்டும் பத்திரமாக வைத்திருக்க முடியாது. அண்மைச் சான்றும் உண்டு. 2023இல் இந்திய ஒன்றிய அரசு கைவினைஞர்களுக்காகக் கொண்டுவந்த விசுவகர்மா திட்டத்தைக் குடும்பத் தொழிலோடு பிணைக்கிறது என்று தமிழ்நாடு அரசு ஏற்க மறுத்தது. ஆனால் அதோடு கைவினையையே கைகழுவவில்லை. சாதிப் பிணைப்பில்லாத ஒரு கைவினைத் திட்டத்தைத் தானே கொண்டுவந்தது. பிறப்பை மறுத்துவிட்டுத் திறனை வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

படிப்பு கெடும் என்பது அடுத்த அச்சம். ஒரு பத்து வயதுப் பிள்ளை சிறிய அலமாரிக்குச் சட்டம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 400 மில்லிமீட்டர் அகலம், 300 மில்லிமீட்டர் உயரம். நான்கு சட்டங்களையும் சரியான நீளத்தில் அறுத்தாயிற்று. ஆனாலும் மூலைகள் செங்கோணமா என்பது கண்ணுக்குத் தெரியாது. மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் 500 என்று வந்தால் சட்டம் சரி. ஒன்று 503, மற்றது 497 என்றால் சாய்ந்திருக்கிறது, நீண்ட மூலைவிட்டத்தின் வழியே அழுத்தித் திருத்த வேண்டும். படிவம் ஒன்றில் பைதாகரஸ் தேற்றம் வரும்போது இந்தப் பிள்ளைக்கு அது மனப்பாடம் செய்யும் சூத்திரமாக இருக்காது, ஏற்கெனவே கையாண்ட உண்மையாக இருக்கும். பென்சில் கோட்டின் எந்தப் பக்கம் அறுப்பது என்ற கேள்வியே பெரிய பாடம். வாளின் வெட்டும் ஒரு தடிமனைத் தின்றுவிடுகிறதே. இன்னும் நுட்பமானது மரத்தின் அசைவு. மரம் இழையின் நீளத்தில் ஏறக்குறைய மாறுவதில்லை, குறுக்கே விரியும், சுருங்கும். ஆண்டு முழுதும் ஈரம் மிகுந்த பினாங்குக் காற்றில் இருந்த அகலமான பலகையை ஏர்கோன் அறைக்குள் மேசையாக வைத்தால் அது குறுக்கே சுருங்கும். சட்டத்தோடு அசையாமல் திருகியிருந்தால் பிளந்துவிடும். திருகாணித் துளையை இழைக்குக் குறுக்கே நீட்டி விட்டால் தப்பிக்கும். காரணமும் விளைவும் இவ்வளவு அருகில் இருக்கும் பாடம் வகுப்பறையில் அரிது. பிழை செய்தால் சிவப்பு மை தேவையில்லை. இணைப்பில் தெரியும் இடைவெளியே சொல்லிவிடும், அதைப் பிள்ளை தானே வாசித்துத் தானே திருத்தும்.

பின்லாந்துக் கல்வி என்றால் நம் ஊர்க் கல்விக் கூட்டங்களில் மரியாதையோடு பேசுகிறார்கள். கல்வியாளர் ஊனோ சிக்னேயஸ் வகுத்த வழியில் 1866இலேயே கைவேலையைப் பள்ளியில் கட்டாயப் பாடமாக்கிய நாடு அது; இன்றும் அங்கே மரவேலையும் துணிவேலையும் ஆண், பெண் எல்லாருக்கும் உண்டு. தேர்வு குறைவு, வீட்டுப்பாடம் குறைவு என்பதை மட்டும் எடுத்துச் சொல்கிறவர்கள் அங்குள்ள பட்டறையைப் பற்றி ஏனோ சொல்வதில்லை. பிள்ளை டாக்டராக வேண்டும் என்று கனவு காணும் வீட்டுக்கு மற்றொரு செய்தி. 2018இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் அறுவைச் சிகிச்சைக் கல்விப் பேராசிரியர் ரோஜர் நீபோன், தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்று வரும் மருத்துவ மாணவர்களுக்குத் தையல் போடும் அளவுக்குக்கூட விரல் பழக்கம் இல்லை என்று வெளிப்படையாகக் கவலைப்பட்டார். சிறுவயதில் வெட்டி, ஒட்டி, செய்து பழகாததைக் காரணமாகச் சுட்டினார். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் வந்ததிலிருந்து பினாங்கே துல்லியமான கைகளை நம்பி வளர்ந்த மாநிலம்தான். அதற்கான ஆட்களைப் பயிற்றுவிக்கவே 1989இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் தொடங்கப்பட்டது. புத்திக்கும் விரலுக்கும் நடுவே சுவர் எழுப்பிக்கொண்டது நம் வீடுகள் மட்டும்தான்.

பள்ளியிலேயே வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று பாடம் இருக்கிறதே, வீட்டில் வேறு எதற்கு என்பார்கள். பாடம் இருப்பது நல்லது. பழைய வாழ்க்கைத் திறன் பாடத்தின் இடத்தில் 2017இல் இடைநிலைப் பள்ளிகளுக்கு அது வந்தது. மின்னணுவியல், உணவு, ஆடை வடிவமைப்பு எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு போக வேண்டிய பாடம் அது. உளி தீட்டக் கற்கும் அளவுக்கு ஒரே பொருளோடு தங்க அதற்கு நேரம் கிடையாது. கை பழகுவதற்கு வேண்டியது திரும்பத் திரும்பச் செய்வது. அந்த நேரம் வீட்டில்தான் இருக்கிறது.

செலவுக் கணக்கு சொல்கிறவர்களை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 2019இல் பத்து காவானில் ஐக்கியா திறந்தபின், நிபோங் திபால் பக்கத்துக் குடும்பங்களுக்கு மலிவான மேசையும் அலமாரியும் கூப்பிடு தூரத்தில் வந்துவிட்டன. கடையில் விற்கும் விலைக்கு மரக்கடையில் பலகைகூட வாங்க முடியாத நேரங்கள் உண்டு, அது உண்மை. ஆனால் மலிவுத் தளவாடம் பெரும்பாலும் மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை. ஓரத்தில் தண்ணீர் ஏறினால் உப்பும்; திருகாணி ஒருமுறை பிடி தளர்ந்தால் அதே துளையில் மறுபடி பிடிக்காது. கற்றவன் அந்தத் துளையில் பசை தடவிய மரக்குச்சியை அடித்து நிரப்பி, மீண்டும் திருகி, இன்னும் சில ஆண்டு ஓட்டுவான். கல்லாதவன் அலமாரியையே வீசிவிட்டுப் புதிது வாங்குவான். வீட்டுத் தச்சுவேலையின் வரவு கடைவிலையோடு ஒப்பிடுவதில் வராது. வாங்கியதைக் காப்பாற்றுவதிலும், எதை வாங்கக் கூடாது என்று அறிவதிலும்தான் வரும். பழகுவதற்குப் புதுப் பலகையும் வேண்டாம். பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் தொழிற்சாலைகள் கழிக்கும் பலகைத் தட்டுகள், அதாவது பேலட்டுகள், நிறைய உண்டு. அவற்றில் ‘எச்டி’ என்ற முத்திரை இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம், எடுக்கலாம். ‘எம்பி’ என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, தொட வேண்டாம்.

காயம் படும் என்ற பயம் நியாயமானது. அதற்குப் பதில் கருவியை மறைப்பதில் இல்லை, வரிசை அறிந்து கொடுப்பதில் இருக்கிறது. ஆறேழு வயதில் அளப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, மென்மரத்தில் ஆணி அடிப்பது. ஒன்பது, பத்து வயதில் சிறு கைவாளும் கையால் சுற்றும் துரப்பணமும். உளி அதற்கும் பிறகு. மின்வாளைப் பிள்ளை கையில் கொடுக்கவே தேவையில்லை; இந்த வயதில் கற்க வேண்டியதெல்லாம் கைக்கருவியிலேயே இருக்கிறது. மரத்தைக் கவ்வியில் இறுக்கிவிட்டால் இரண்டு கையும் உளியின் முனைக்குப் பின்னால் வந்துவிடும். மரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் செதுக்கும்போதுதான் பெரும்பாலான வெட்டுக்காயம் நேர்கிறது. மழுங்கிய உளி கூரான உளியைவிட ஆபத்து, பலம் கொடுத்துத் தள்ளும்போது வழுக்கும். கத்தியைவிட நான் அதிகம் அஞ்சுவது தூசுக்கு. மரத்தூசு புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே தேய்க்கும் வேலை வெளி வராந்தாவில், முகக்கவசத்தோடு நடக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் பிள்ளையை முன்னால் நிறுத்திக் கடைத்தெருவுக்குப் போகும் சமூகம் நாம். அதோடு ஒப்பிட்டால், பெரியவர் பக்கத்தில் நிற்க ஒரு பலகையை அறுப்பது எவ்வளவோ பாதுகாப்பானது.

அடுக்குமாடி வீட்டில் இடமில்லை என்பார்கள். கைக்கருவிக்கு உறுதியான ஒரு மேசையும் இரண்டு கவ்வியும் போதும். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு, விடியுமுன் பால் வெட்டப் போன பாட்டிமாரே பதில். எஞ்சி நிற்கும் உண்மையான தடை ஒன்றுதான்: கற்றுத்தரப் பெற்றோருக்கே தெரியாது. அதற்கு ஒரு வழி வீட்டுப் பெரியவர்கள். கத்தியைக் கல்லில் தீட்டி, அலகின் சாய்வு மாறாமல் கூர் ஏற்றுவது பால்வெட்டுக்காரர்களின் தினசரி வேலை. மரவேலையில் புதியவர்கள் தவறும் முதல் இடமும் அதுதான். தோட்டத்தில் வேலை செய்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது, கேட்டால் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது வழி பள்ளி. பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் அவற்றில் ஒன்று. ஒவ்வொன்றிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது. ஆறு கைவாள், ஆறு உளி, இரண்டு இழைப்புளி, மூலைமட்டம், தீட்டுக்கல், கவ்விகள் வாங்கி ஒரு அலமாரியில் வைத்து, மாதம் இரண்டு சனிக்கிழமை பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பழகினால் தொடங்கிவிடலாம். ஓய்வுபெற்ற ஒரு தச்சருக்கு முறையான சன்மானம் கொடுத்து அழைத்தால் வேலை இன்னும் சீராகும். அடுத்த பொதுக்கூட்டத்தில் யூபிஎஸ்ஆர் தேர்வுக் காலத்திலிருந்து தொடரும் டியூஷன் ஏற்பாட்டைப் பற்றிப் பேசும் நேரத்தில் கால்வாசியை இதற்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்கிறேன்.